இழைப்புளியும் ஓய்வுப் பொழுதும்: வாசகர் கேள்வி – பதில்

மரவேலையைப் பொழுதுபோக்காக மேற்கொள்ள விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருந்தவர்களின் கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நெடுங்காலமாகக் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்துவரும் எனக்கு, கையால் எதையேனும் செய்ய வேண்டும் என்ற ஆசை எழுந்துள்ளது. மரவேலையைத் தொடங்க வட்ட ரம்பம், ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் இயந்திரம்), மின் இழைப்பான் ஆகிய மூன்றும் போதுமா, வேறு இயந்திரங்களும் வேண்டுமா?

பதில்: மூன்றும் நல்ல இயந்திரங்களே, ஆனால் அவற்றுள் எதுவும் முதலில் வாங்க வேண்டியதன்று. இயந்திரம் வேலையை விரைவாக்கும். எங்கே வெட்டுவது, எந்தத் திசையில் இழைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பவற்றைக் கற்றுத் தராது. கைக்கருவியைப் பிடித்துப் பழகுபவருக்கோ மரமே அவற்றைச் சொல்லிவிடுகிறது: ரேகையின், அதாவது மரநாரின், ஓட்டத்தோடு இழைத்தால் சீவல் சுருளாக எழும், எதிர்த்து இழைத்தால் நார் பிய்ந்து பரப்பு சொரசொரப்பாகும். அந்த அறிவு கையில் ஏறிய பிறகு வாங்கும் இயந்திரம்தான் உரிய பயனைத் தரும்.

ஒரு கைரம்பம், ஒரு இழைப்புளி, 6, 12, 25 மில்லிமீட்டர் அகலங்களில் மூன்று உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், எஃகு அளவுகோல், கூரான சிறு கத்தி, சாணைக்கல், நான்கு கிளாம்புகள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. ரம்பம் வாங்கும்போது அதன் பல்லைக் கவனிக்க வேண்டும்; ரேகையின் நீளவாக்கில் அறுப்பதற்கான பற்கள் சிறு உளிகளைப் போலவும், குறுக்கே அறுப்பதற்கானவை சிறு கத்திகளைப் போலவும் தீட்டப்பட்டிருக்கும் என்பதால், ஒன்றின் வேலையை மற்றொன்று அரைகுறையாகவே செய்யும். ஜப்பானிய வகை ரம்பங்கள் இழுக்கும்போது அறுப்பவை. ஆகவே அவற்றின் தகடு மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் குறுகியதாக அமையும். கத்தி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பென்சில் கோட்டுக்கு ஒரு பருமன் உண்டு. அந்தப் பருமனின் எந்த ஓரத்தில் அறுப்பது என்ற குழப்பம் ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளியாக வந்து நிற்கும். கத்தியால் கீறிய கோடு நாரையே அறுத்துவிடுவதோடு, உளியின் முனை அமர்வதற்கு ஒரு பள்ளத்தையும் தருகிறது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது அசையாத வேலை மேசை. ஆடும் மேசையின் மீது எவ்வளவு உயர்ந்த இழைப்புளியும் பயன்படாது. வாங்கும் முதல் இயந்திரம் துளையிடும் இயந்திரமாக இருக்கட்டும், மற்றவை காத்திருக்கலாம்.

முதல் வேலையாக அலமாரியையோ நாற்காலியையோ எடுத்துக்கொண்டு அகலக்கால் வைக்க வேண்டாம். ஒரு பலகைத் துண்டின் ஒரு முனையில் மேற்புறமும், மறுமுனையில் அடிப்புறமும் ஒவ்வொரு கட்டையை ஒட்டினால், மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு மரத்தை அசையாமல் பிடித்து அறுப்பதற்கான தடுப்புப் பலகை கிடைக்கும். அதைச் செய்வதற்கு நேராக அறுத்தல், சதுரம் பார்த்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. செய்து முடித்தபின் அடுத்த எல்லா வேலைகளுக்கும் அது துணைக்கருவியாகிறது.

கேள்வி: புதிதாக வாங்கிய உளி மரத்தை வெட்டாமல் நசுக்குகிறது. மலிவான உளியை வாங்கிவிட்டேனோ?

பதில்: விலை உயர்ந்த உளியும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நன்றாக வெட்டுவது அரிது. தொழிற்சாலை அதற்கு வடிவம் தருகிறது. கூர்மையைத் தர வேண்டியது பயன்படுத்துபவர். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. அவற்றுள் ஒன்று சாய்ந்த முகம், மற்றொன்று தட்டையான பின்புறம். பலரும் சாய்ந்த முகத்தை மட்டும் மணிக்கணக்கில் தீட்டிவிட்டு, பின்புறத்தில் இயந்திரம் விட்டுச்சென்ற கீறல்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முனையை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவேனும் பின்புறம் கண்ணாடி போலத் தட்டையாக வேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதும்.

அதன் பிறகு, சாய்ந்த முகத்தை ஏறத்தாழ 25 பாகை கோணத்தில் தீட்டி, முனையில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய இரண்டாம் சாய்வைத் தர வேண்டும். முதலில் 1000 எண் கல்லிலும், பின்னர் 4000 அல்லது அதற்கு மேற்பட்ட நுண்ணிய கல்லிலும் தீட்டலாம். பின்புறத்தில் விரலை வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு மெல்லிய பிசிறு, முனையின் முழு அகலத்துக்கும் தட்டுப்பட வேண்டும். அது தட்டுப்படும் வரை முகம் கூரை எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். பிறகு பின்புறத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை நீக்கி, தோல் பட்டையில் சில முறை இழுத்தால் வேலை முடிந்தது. மென்மரத் துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முனையைச் செதுக்கிப் பாருங்கள். நார் நசுங்காமல் பரப்பு பளபளப்பாக வந்தால் உளி கூராயிருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் மீண்டும் கல்லுக்குத் திரும்ப வேண்டும்.

சுழலும் மின்சாணையில் தீட்டுபவர்கள் முனை நீலம் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகில் நீலம் தோன்றினால் அந்தப் பகுதியின் பதம், அதாவது கடினத்தன்மை, போய்விட்டது என்று பொருள். அதைத் தேய்த்து நீக்கும் வரை கூர் நிலைக்காது.

கேள்வி: அகலமான தேக்குப் பலகைகளை ஒட்டி ஒரு மேசை செய்தேன். மேற்பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் பசையிட்டு, திருகாணிகளால் இறுக்கினேன். வறண்ட பருவம் வந்ததும் பலகையின் நடுவே நீளமாக வெடித்துவிட்டது. நல்ல மரம், நல்ல பசை, எட்டுத் திருகாணிகள். பிறகு ஏன் வெடித்தது?

பதில்: அந்த எட்டுத் திருகாணிகளால்தான் வெடித்தது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டும். ஏனெனில், வீட்டில் செய்யப்படும் மரச்சாமான்களில் காணும் வெடிப்பு, வளைவு, திறக்க மறுக்கும் இழுப்பறை ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே காரணம்தான் அடிப்படை.

மரம் வெட்டப்பட்டு நெடுநாள் ஆன பின்பும், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. பச்சை மரத்தின் செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறும்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல்சுவர்களிலேயே தங்கியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. ஆண்டு வளையங்களின் வழியே செல்லும் திசையில் மிக அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் பெரும்பாலான மரங்களில் அதில் ஏறக்குறையப் பாதி. வளையங்கள் கிடையாக அமையும்படி அறுத்த பலகை, செங்குத்தாக அமையும்படி அறுத்த பலகையைவிட அதிகமாக அகலம் மாறுவதும், காயும்போது தோணிபோல் வளைவதும் இந்த வேறுபாட்டினால்தான்.

தேக்கு இவ்வகையில் அடக்கமான மரம் என்று பெயர் பெற்றது. அப்படியிருந்தும் கணக்கிட்டுப் பாருங்கள்: பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலை வரை வளையத் திசையில் அது ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. அப்படியானால் ஈரத்தில் ஒரு சதவீத மாற்றத்துக்கு அகலத்தில் 0.2 சதவீத மாற்றம் உண்டாகும். பலகையின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகை நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை குறுகிவிடும். அடியிலுள்ள குறுக்குச் சட்டமோ தன் நீளவாக்கில் அசைவதே இல்லை. பலகை குறுக முயல்கிறது, சட்டம் விட மறுக்கிறது. இழுபறியில் மரத்தின் மிக பலவீனமான இடம், அதாவது நாருக்கும் நாருக்கும் இடைப்பட்ட பிணைப்பு, அறுந்துபோகிறது. பசையையோ திருகாணியையோ கூட்டுவது வெடிப்பை மேலும் உறுதியாக்குமே தவிரத் தடுக்காது. வார்னிஷ் பூசினால் இந்த மாற்றம் மெதுவாகும், நிற்காது.

ஆகவே, பலகையைக் கட்டிப்போடாமல், கீழே விழாதபடி பிடித்துக்கொள்வதே முறை. சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதில் நகரக்கூடிய சிறு மரக் கொக்கிகளைச் செருகி, கொக்கியை மட்டும் மேற்பலகையோடு திருகலாம். அல்லது, சட்டத்திலுள்ள திருகாணித் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமான துளைகளாக்கிவிடலாம். கதவுச் சட்டத்துக்குள் பலகை பதிக்கும்போதும் இதே நியதிதான்: பலகை பள்ளத்துக்குள் பசையின்றி நிற்க வேண்டும், இரு பக்கமும் சிறிது இடம் விட வேண்டும்.

தங்கள் மேசையைச் சரிசெய்வதற்கு, வெடிப்பில் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதைக்கு ஒத்திவைக்கவும். ஈரமான பருவத்தில் பலகை மீண்டும் விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாகிவிடும். முதலில் திருகாணிகளைக் கழற்றி, சட்டத்தோடு ஒட்டிய பசையை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, பலகையை விடுவிக்க வேண்டும். சில வாரங்கள் அதே அறையில் வைத்திருந்தால் வெடிப்பு பெருமளவு மூடிக்கொள்ளக்கூடும். மூடாவிட்டால் அந்தக் கோட்டிலேயே நேராக அறுத்து, விளிம்புகளை இழைத்து, மறுபடி ஒட்டுவதுதான் சுத்தமான வழி. அடுத்த முறை மரம் வாங்கும்போது ஈரமானியால் அளந்து பார்க்கவும். வீட்டுக்குள் பயன்படும் சாமான்களுக்கு 8 முதல் 12 சதவீதம் வரையிலான ஈரம் பொருத்தமானது.

கேள்வி: பிளைவுட்டில் செய்வது உண்மையான மரவேலை ஆகுமா?

பதில்: ஆகும். மேலே விவரித்த சிக்கலுக்கு மனிதன் கண்ட தீர்வுகளுள் ஒன்றே பிளைவுட். ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்கின் நாருக்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால், அது ஏறக்குறைய அசைவதே இல்லை. பெரிய அலமாரியின் பக்கங்களுக்கும் முதுகுக்கும் அதைவிடச் சிறந்தது எளிதில் கிடைக்காது. அதன் குறை தொய்வில் இருக்கிறது. புத்தகத் தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், நூல்கள் அதே நெருக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும்போது, நடுத்தொய்வு 16 மடங்காகிறது. மாறாக, பருமனை 18 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆக உயர்த்தினால், விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகும். இதைவிட எளிய வழியும் உண்டு: 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள, 18 மில்லிமீட்டர் பருமனுள்ள தட்டின் முன்விளிம்பில், 40 மில்லிமீட்டர் உயரமும் 18 மில்லிமீட்டர் பருமனும் உள்ள மரப்பட்டையைச் செங்குத்தாக ஒட்டினாலே விறைப்பு இரு மடங்குக்கு மேல் கூடிவிடும். அடுக்குகள் தெரியும் விளிம்பையும் அது மறைத்துவிடும்.

கேள்வி: திருகாணியும் பசையும் இருக்கும் காலத்தில், துளையும் முளையும் வெட்டி இணைப்பது வீண் உழைப்பு இல்லையா?

பதில்: எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில், நீளவாக்கு நாரும் நீளவாக்கு நாரும் சேரும்படி ஒட்டினால், இன்றைய வெள்ளைப் பசையே போதும். உடைத்துப் பார்த்தால் பசைக்கோட்டுக்கு வெளியே மரம்தான் முதலில் உடையும். ஆனால் மரத்தின் குறுக்குவெட்டு முனை பசையை உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே பசையும் நன்றாகப் பிடிப்பதில்லை, திருகாணியின் மரையும் நார்களைக் குறுக்கே கவ்வாமல் பிரித்துக்கொண்டு செல்வதால் எளிதில் தளர்ந்துவிடுகிறது. மேசைக் காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் வெறும் முட்டுக்கொடுத்துத் திருகுவது நிலைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். சட்டத்தின் முனையை முளையாகச் செதுக்கிக் காலிலுள்ள துளைக்குள் செலுத்தும்போது, முளையின் இரு பக்கங்களிலும் பசை பற்றக்கூடிய நீளவாக்கு நார் கிடைக்கிறது. அதோடு முளையின் அடியில் சட்டத்தில் எஞ்சி நிற்கும் தோள்பகுதி, காலில் முட்டி ஆட்டத்தைத் தடுக்கிறது. முளையின் பருமன் சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது நெடுநாளைய அளவு. கையால் அழுத்தியும் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியும் உள்ளே செல்ல வேண்டும். ஓங்கி அடித்தால்தான் செல்லும் என்றால் கால் பிளந்துவிடும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓக் மரக் கிணற்றுச் சட்டங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. உலோகக் கருவிகள் இல்லாத அந்த மக்கள், கல் வாய்ச்சிகளைக் கொண்டே துளை–முளை இணைப்புகளைச் செதுக்கியிருக்கிறார்கள். திருகாணி பிறந்தபின் அந்த முறை வழக்கொழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். இங்கே மரவேலை செய்ய முடியுமா?

பதில்: கைக்கருவிகளோடு தாராளமாக முடியும். இழைப்புளியும் கைரம்பமும் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. கொட்டாப்புளி மட்டும் பகலில் வேலை செய்யட்டும். மின்ரம்பங்களின் ஓசை பல சமயங்களில் 100 டெசிபல் அளவை எட்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதை வரம்பாகக் கொண்டு, ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்கும் கணக்கின்படி, 100 டெசிபலில் காது பாதுகாப்பின்றி இருக்கத்தக்க நேரம் ஒரு நாளில் வெறும் 15 நிமிடங்களே.

ஓசையைவிட அஞ்சத்தக்கது தூசி. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. மூக்குக்குழியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தாக்குவது அது. இழைப்புளியின் சீவல் தரையில் விழுகிறது, பெருக்கி எடுக்கலாம். மின் உப்புத்தாள் கருவி எழுப்பும் நுண்தூசியோ மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் அணிவதும், தூசி உறிஞ்சியைக் கருவியோடு இணைப்பதும், சன்னலைத் திறந்து வைப்பதும் பொழுதுபோக்குக்காகச் செய்பவருக்கும் கட்டாயமே. கையுறை பற்றியும் ஒரு சொல்: சுழலும் கருவிகளின் அருகே அதை அணியவே கூடாது, நூலிழை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

கேள்வி: முடித்த சாமானுக்கு எண்ணெய் பூசுவதா, வார்னிஷ் பூசுவதா?

பதில்: அடிக்கடி நீர் படும் மேற்பரப்புக்குப் படலமாக நிற்கும் பாலியூரிதேன் வார்னிஷ் ஏற்றது, கீறல் விழுந்தால் பழுதுபார்ப்பது கடினம் என்பதை ஏற்றுக்கொண்டு பூச வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் இறங்குவதால் இயல்பான தோற்றம் தரும்; மங்கினால் மீண்டும் ஒரு பூச்சு போதும்; ஆனால் நீரைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. அரக்கு பாலிஷ் மிக அழகானது. வெப்பத்துக்கும் சாராயத்துக்கும் தாங்காது. எதுவாயினும், 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாளை ரேகையின் போக்கிலேயே தேய்த்து முடித்து, அதே மரத்தின் கழிவுத் துண்டு ஒன்றில் பூசிப் பார்த்த பிறகே சாமானில் கை வைக்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துபவர்கள் இதை மறக்கக்கூடாது. அது காய்வது ஆவியாவதால் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால். அந்த வினை வெப்பத்தை வெளியிடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். எந்தப் பொறியும் தேவையில்லை. துணியை விரித்து, திறந்த வெளியில் ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டு முழுமையாகக் காயவிடவும். அல்லது நீர் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடி வைக்கவும்.

கேள்வி: பத்து வயது மகள் என்னோடு வேலை செய்ய விரும்புகிறாள். உளியைக் கையில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், கூராக்கிக் கொடுக்கவும். மழுங்கிய உளிக்கு அதிக விசை வேண்டும், விசை கூடினால் வழுக்கும். மரத்தைக் கிளாம்பால் இறுக்கிவிட்டு, இரண்டு கைகளும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பழக்கவும். சுழலும் இயந்திரங்களை இப்போதைக்கு எட்டத்தில் வைக்கவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்வீடனின் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துப் பரப்பிய ‘ஸ்லாய்டு’ கல்விமுறையில், பள்ளிப்பிள்ளைகள் கத்தியில் தொடங்கி, படிப்படியாகக் கடினமாகும் மாதிரிகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் நியதி. தங்கள் மகளுக்கும் வெறும் பயிற்சித் துண்டுகளைக் கொடுக்காமல், அவளே நாளும் பயன்படுத்தப்போகும் பொருளைச் செய்யவிடவும்.

கேள்வி: சரக்குகளை அடுக்கி ஏற்றும் பழைய சரக்குப் பலகைகளை (பேலட்) பிரித்து மரம் எடுக்கலாமா?

பதில்: முத்திரையைப் பார்த்து எடுக்கலாம். பன்னாட்டுப் போக்குவரத்துக்கான பலகைகளில் எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது, அதை விட்டுவிடவும். ஆணிகள் அனைத்தையும் பிடுங்கும் வரை இழைப்புளியை அருகே கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: ஓராண்டாகப் பழகிவிட்டேன், பெட்டிகள், முக்காலி, சிறு மேசை ஆகியவை செய்தாயிற்று. இனி நாற்காலி செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் மேசையை அடுத்த படி நாற்காலி என்று எண்ணிவிட வேண்டாம்; இடையே பல படிகள் உள்ளன. மேசையில் எல்லாக் கோணங்களும் சதுரம். நாற்காலியில் இருக்கை முன்னால் அகன்றும் பின்னால் குறுகியும் இருக்கும், பின்புறம் சற்றுத் தாழ்ந்திருக்கும், முதுகுச்சாய்வு வெளிநோக்கிச் செல்லும். ஆகவே ஏறக்குறைய எந்த இணைப்பும் 90 பாகையில் அமைவதில்லை. அதன் மீது அமர்பவரோ அசையாமல் இருப்பதில்லை. பின்கால்களில் சாய்ந்து ஆடும்போது முழு எடையும் பக்கச்சட்டமும் பின்காலும் சேரும் இரண்டு இணைப்புகளில் விழுகிறது. 1859இல் மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத்தாலான ஆறே பாகங்களையும் பத்துத் திருகாணிகளையும் இரண்டு நட்டுகளையும் கொண்டது. பின்கால்களும் முதுகும் ஒரே வளைந்த கம்பாக இருந்ததால், உடையக்கூடிய இணைப்பே அங்கே இல்லாமற் போயிற்று.

இருக்கையின் உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர், ஆழம் 40 முதல் 45 சென்டிமீட்டர், முதுகுச்சாய்வின் கோணம் 100 முதல் 105 பாகை என்று தொடங்கலாம். இவை சராசரி உடலுக்கான அளவுகள். அமரப்போகிறவர் குட்டையானவராக இருந்து, முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தினால், உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நல்ல மரத்தை வெட்டுமுன், கழிவுப் பலகைகளைத் திருகாணியால் சேர்த்து முழு அளவில் ஒரு மாதிரியைச் செய்து, அரை மணி நேரம் அதில் அமர்ந்து ஏதாவது படித்துப் பாருங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு சென்டிமீட்டர் மாற்றி, மறுபடி அமருங்கள். அளவுகள் முடிவான பின், அந்த மாதிரியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால், சாய்ந்த இணைப்புகளின் கோணங்களை வரைபடத்திலிருந்து கணக்கிடத் தேவையின்றி, கோணத்தைப் பிடித்து வைக்கும் கருவியான சாய்வுமட்டத்தை அதன் மீதே வைத்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.